நிலாத்துரை மறுபடி நடந்தார்

சித்திரபுரம்,
14-10-1977

அன்பு மகள் பூமாரிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முட்டிவலி மழைக்கு மழை வந்து போவதைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஜாம்ஷெட்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், மலையில் பிறந்தவள் என்ற தைரியத்தில் காதை மூடாமல் திரியாதே. இந்தத் தடவை கடிதம் நீளமாகத்தான் இருக்கும், காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிலாத்துரை கிடைத்துவிட்டார். ஆமாம், பதினொரு வயதில் நீ தொலைத்துவிட்டாய் என்று உன்னை அடித்தேனே, சாவி கொடுத்தால் நடக்கிற அதே தகரப் பொம்மைதான். பதினொரு வருஷமாக நம் வீட்டில் யாரும் பேச்செடுக்காத சங்கதி. இப்போது மேசை மேல் நின்றுகொண்டு நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மழை விட்டதும் வழக்கம்போலப் பொம்மைப் பெட்டியை இறக்கி என் ஆட்களை எல்லாம் துடைத்து வெயிலில் வைத்தேன். உனக்குத் தெரியாததா, துரைமார் குடும்பங்கள் சீமைக்குத் திரும்பும்போது மற்றவர்கள் நாற்காலியும் கட்டிலும் கேட்டு வாங்கினார்கள், நான் அந்தப் பிள்ளைகள் விட்டுப்போன ஜப்பான் பொம்மைகளைக் கேட்டு வாங்கினேன், அதற்கு இன்றுவரை தேயிலை பாக்டரியில் என்னைக் கேலி செய்கிறார்கள். கண்ணாடி மண்டைக்குள் முகம் தெரிகிற விண்வெளிக்காரர், தலையில் ஏரியல் சுழல்கிற பச்சைப் பெட்டித் தலையர், வட்டமடிக்கிற பறக்கும் தட்டு, மூன்றும் நன்றாக இருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது ஒன்று தோன்றியது, சந்திரனுக்கு மனிதன் போகுமுன்பே இவற்றைச் செய்தவர்கள் அங்கே நடக்கப் பெரிய பூட்ஸ் வேண்டும் என்று சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள், கையில் துப்பாக்கி கொடுத்ததுதான் தப்பு, அங்கே சுடுவதற்கு ஒருவரும் இல்லை. நான்காவது இடம் மட்டும் காலியாக இருந்தது. எஸ்டேட்டுக்கு ஒரு துரை இருந்தால் நிலாவுக்கும் ஒரு துரை வேண்டாமா என்று நீ பேர் வைத்தவரின் இடம்.

அதற்கு அடுத்த வாரம் உன் சின்னமுத்து மாமாவின் கடைசிப் பெண்ணுக்குக் காதுகுத்து என்று கொழிஞ்சாம்பாறைக்குப் போனோம். மாமாதான் எப்போதும் மலைக்கு வந்துபோவார், அவர் வீட்டுக்கு நான் போனது இதுவே முதல் தடவை. மாமா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அகிலாண்டம் என்கிற அம்மாள் புது வீடு கட்டுகிறார்கள், வாசல் சாரத்தில் திருஷ்டிக்கு ஏதோ தொங்கியது. கழுத்தில் மிளகாய் மாலை, முகத்தில் சுண்ணாம்புப் பொட்டு, இடுப்பில் ஒற்றைச் செருப்பு. காலில் இருந்த பூட்ஸைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன், பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் திட்டியதுகூடக் காதில் விழவில்லை. மாமாவைக் கேட்டால் நிதானமாகச் சொல்கிறார், தனிக்குடித்தனம் வெச்சப்ப நீங்க பாத்திரம் குடுத்து விட்டீங்கள்ல மச்சான், அந்தப் பெட்டியில அண்டாக்குள்ள கெடந்துச்சு, பிசாசு கணக்கா இருந்துச்சா, ஊடு கட்டும்போது ஆகும்னு நீங்களே பாத்து வெச்சு விட்டீங்கன்னு நெனச்சோம் என்று. முதலில் மாமா வீட்டில் தொங்கியிருக்கிறது, பிறகு தெருவில் யார் வீடு கட்டினாலும் இரவல் போயிருக்கிறது. இதுவரை ஏழு வீடு, ஒன்றில்கூட சுவர் விரியவில்லை என்று தெருவே அதைக் கொண்டாடுகிறது.

நான் போய்க் கேட்டேன். அகிலாண்டம் அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஏனுங்க, கூரை முடியறதுக்குள்ள திருஷ்டியக் கழட்டி நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு என்றார்கள். அது என் மகளுடைய பொம்மை என்றேன், மக நல்லா இருக்கட்டுங்க, ஊடு முடிஞ்சதும் வாங்க, ஆனா அடுத்து அந்தக் கோடி ஊட்டுக்காரங்க சொல்லி வெச்சிருக்காங்க என்றார்கள். வெறுங்கையோடு மலை ஏறினேன். ஆனால் உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியும். பாக்டரியில் கழித்துப்போட்ட சல்லடை, புனல், இரண்டு பெயிண்ட் டப்பா மூடி எல்லாம் பொறுக்கி, ஒரு வாரம் ஓய்வு நேரத்தில் ஆள் உயரத்தில் ஒரு புது திருஷ்டி பூதம் செய்தேன், அங்கே என்னை அதிகமாகக் கேலி செய்கிற சோலையே பல்லுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தான். அதைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் ஏறினேன், பக்கத்தில் உட்கார ஒருவரும் வராததால் சௌகரியமாகத்தான் போனேன். அகிலாண்டம் அம்மாள் பூதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பயமாத்தான் இருக்குதுங்க, ஆனா இது இன்னும் ஒரு ஊட்டயும் காத்துப் பழகலீங்களே என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக, வெளியே கொண்டுபோகவில்லை, இந்த வாசலிலேயே உட்கார்ந்து துடைத்தாவது வைக்கிறேன் என்று கேட்டேன், அதற்குச் சம்மதித்தார்கள். மணல் குவியல் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தேன். தகரப் பொம்மைக்குத் திருகாணி கிடையாது, தகர நாக்குகளை மடித்துத்தான் பூட்டியிருப்பார்கள், இரண்டு தடவைக்கு மேல் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது, சுருள்வில் துருப்பிடித்துப் பொடியாகிக் கிடந்தது. நம் பழைய அலாரக் கடிகாரத்தின் வில்லைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதை வெட்டிப் பொருத்தி, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, நெஞ்சுக்குள் பொறி பறக்க சிகரெட் லைட்டர் கல் ஒன்றை வைத்து மூடினேன். சாவி வீட்டிலேயே அடித்து வைத்திருந்தேன். அதற்குள் தெரு முழுக்க என்னைச் சுற்றி நின்றது, கொத்தனார்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

புதிதாக சிமெண்டு பூசிய வாசல் தரையில் நிறுத்தி எட்டுச் சுற்று கொடுத்துக் கையை எடுத்தேன். முதலில் அசையவில்லை. பிறகு வலது கால் எழுந்தது, இடது கால் எழுந்தது, நெஞ்சில் சிவப்பாகப் பொறி பறக்க நிலாத்துரை நேராகக் கதவில்லாத தலைவாசல் வழியாக உள்ளே நடந்து போனார். பதினொரு வருஷம் அசையாமல் தொங்கியவர் நடந்ததைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு நெருங்கி எட்டிப் பார்த்தது. அகிலாண்டம் அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அதுவே உள்ள வந்து ஊட்டப் பாத்துருச்சுங்க, இனி அதோட வேல முடிஞ்சுதுங்க, நீங்க கூட்டிட்டுப் போங்க என்றார்கள். கொத்தனார்களே என் பூதத்தைச் சாரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். மாமா பஸ் ஏற்றிவிட வரும்போது ஒரு ஊர்வலமே கூட வந்தது. நான் நாற்பது வருஷம் இயந்திரங்களோடு உழைத்தவன், இவ்வளவு சந்தோஷம் எந்த இயந்திரமும் எனக்குத் தந்ததில்லை. சோலை இப்போது தினம் வந்து, ஒரே ஒரு தடவை நான் சாவி கொடுக்கட்டுமா என்று கெஞ்சுகிறான், நானும் இரண்டு நாள் காக்க வைத்துத்தான் விட்டேன்.

இனி எழுதவேண்டியது ஒன்று இருக்கிறது, பூமாரி. அன்றைக்கு நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. கூரை ஒழுகுச்சுப்பா, துருப்பிடிக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடம் போறப்ப பாத்திரப் பெட்டியில அண்டாக்குள்ள வெச்சேன் என்றாய். பெட்டி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் மூடி போட்டு ஆணி அடித்தேன், அதில் இல்லை, தொலைத்துவிட்டுப் பொய்யும் சொல்கிறாயா என்று உன்னை அடித்தேன். உண்மையில் நான் பார்க்கவேயில்லை. மாமாவுக்குப் பெட்டியைக் கொண்டுபோக வந்த லாரிக்காரன் அவசரப்படுத்தினான், திறந்துகூடப் பார்க்காமல் ஆணி அடித்து ஏற்றிவிட்டேன். மாமாவுக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், கேட்டால் நான் பார்க்காதது வெளியே வந்துவிடுமே என்று போடவில்லை. அதற்குப் பிறகு நீ என் பொம்மைகள் பக்கமே வராமல் போனாய், அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று அம்மாவிடம் சொன்னேன், சாயங்காலம் இந்தத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பொய் சொன்னவன் நான்தான் மகளே, நீ சொன்னது அத்தனையும் நிஜம்.

தை பிறந்ததும் நாங்கள் இருவரும் ரயிலேறி வருகிறோம், நிலாத்துரை என் மடியிலேயே வருவார். அவர் உன்னுடையவர், என் வரிசையில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் வாழ வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போட மறக்காதே, என் மேல் கோபம் இருந்தால் அதை மறைக்காமல் எழுது, பதினொரு வருஷத்துக்கும் சேர்த்தே எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வீரபாண்டி