வெயிலில் நிறுத்திய அண்ணனுக்கு

சென்னை
9.4.1997

அண்ணனுக்கு,

இங்கு நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. என் இடது காதில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி இருந்தது, அதையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். காதைவிடத் தொடைதான் அதிகம் எரிகிறது. கண்ணாடி மாட்ட ஒரு பக்கம் காது இல்லாததால், ஷாஹீன் பாவாடை நாடாவைக் கிழித்துக் கண்ணாடிக் காம்பில் கட்டி, தலையைச் சுற்றி முடிந்துவிட்டாள். வேங்கிக்கால் டெலிபோன் பூத்தில் என்னோடு வேலை செய்கிற பெண். எனக்கு என்ன உறவு அவள்? பதினோரு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடக்கிறாள்.

நீ வருவாய் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கார்டுதான் வந்தது. "கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் இல்லை, அதனால் வர முடியவில்லை. சித்ரா பௌர்ணமிக்குக் கடையில் நிற்க வந்துவிடுவாய் அல்லவா?" என்று எழுதியிருந்தாய். புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

கட்டுப் பிரிக்கும்போது டாக்டரம்மா கேட்டார்: "பொறவியிலேயே உன் தோலுக்கு நிறம் கெடையாது. வெயிலத் தடுக்கறதே அந்த நிறந்தான். வெயில் பட்டுப் பட்டுத்தான் இது வந்திருக்கு. சின்ன வயசுலயே யாரும் சொல்லலியா?"

இல்லை என்றேன்.

"எவ்ளோ நேரம் வெயில்ல நிப்ப?"

நான் என்ன சொல்வேன்? பகலெல்லாம் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டு நின்றதைச் சொல்வதா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மத்தியானத்திலிருந்தே கிரிவலப் பாதையில் கடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைப்பாயே, அதைச் சொல்வதா? கடைக்குள் நிழல் இருந்தது. ஆனால் நான் வெளியே உட்கார்ந்தால்தானே உனக்கு வியாபாரம்? "டேய், வெள்ளக்காரப் பொண்ணு தமிழ் பேசுதுடா" என்று கூட்டம் நிற்கும். நீ எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக்கொண்டே சிரிப்பாய்.

இனிமேல் காலை பத்துமணிக்கும் மாலை நாலுமணிக்கும் நடுவில் நான் வெயிலில் இறங்கக் கூடாது. முழுக்கை, அகலத் தொப்பி, குடை, வெளியே கிளம்புமுன் முகத்துக்கும் கைக்கும் மருந்து க்ரீம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து காட்ட வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

எழிலரசி


அடி அண்ணாமலை
17.4.1997

அன்புத் தங்கை எழிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணி வள்ளி வாசித்துக் காட்டச் சொன்னாள், நான் காட்டவில்லை. பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. கூடப்பிறந்தவனை இப்படியா எழுதுவது?

காதில் ஒரு புண், அதை அறுத்து எடுக்கப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். புற்றுநோய் என்று நீ எழுதியிருந்தாய், சரி. படித்தவர்கள் எதற்கெடுத்தாலும் பெரிய பேர் வைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். காது போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் யாரிடமும் நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்கு ஆள் வரமாட்டான்.

அப்பா போன பிறகு உன்னை யார் பார்த்தது? பத்தாவது வரை படிக்க வைத்தது யார்? வேங்கிக்காலில் தனியாகத் தங்கி வேலை செய்கிறேன் என்றபோது ஊரே என்னைக் கேட்டது. நான் விட்டேன் அல்லவா? அதெல்லாம் உனக்கு ஞாபகம் வராது. ஸ்டூல் மட்டும் ஞாபகம் வரும்.

டாக்டர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டால் வீட்டை விட்டே வெளியே போக முடியாது. நீ இரண்டாவது படிக்கும்போது கண் கேம்ப்பில் ஒரு டாக்டர் இதையேதான் சொன்னார். அதைக் கேட்டு உன்னை மூலையில் உட்கார வைத்திருந்தால் நீ இப்படி நாலு பேரோடு பழகியிருப்பாயா?

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. பொன்னி சமத்தாக உன் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறாள். "அத்தை எப்ப வருவாங்க"னு தினம் கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
மாறன்


சென்னை
21.4.1997

மாறனுக்கு,

நான் உனக்கு எப்படிப் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன் என்று பார். அண்ணா என்று எழுத எனக்கு வரவில்லை.

உனக்குத் தெரியும். இருபத்தொரு வருஷமாக உனக்குத் தெரியும்.

அந்தக் கண் கேம்ப் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடந்தது. என்னை வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டு, நீயும் அப்பாவும் உள்ளே டாக்டரிடம் பேசினீர்கள். வெளியே வந்து, "கரும்பலகை தெரியலன்னா முன்பெஞ்சில உக்காந்துக்கோ, அவ்ளோதான் சொன்னாரு" என்றாய். அவ்வளவுதானா சொன்னார்? உனக்கு அப்போது பதினேழு வயது. ஒரு வார்த்தை புரியாத வயதா?

தோள்பட்டை கொப்பளித்துத் தோல் உரியும்போதெல்லாம் விளக்கெண்ணெய் தடவிவிட்டாயே, அப்போதும் தெரியுமா? காதில் அந்தப் பொருக்கு இரண்டு வருஷமாக ஆறாமல் இருந்தபோது "கிள்ளாத, தானா போயிடும்" என்றாயே, அப்போதும் தெரியுமா?

என் காது போனது போகட்டும். உன் கடிதத்தில் பொன்னியைப் பற்றிய வரியை ஷாஹீனிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பேயறைந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள். பொன்னிக்கு ஆறு வயது. என்னைப் போலவே வெளுத்த முடி, வெளுத்த தோல், வெளிச்சத்தில் திறக்காத கண். அவளையும் அதே ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறாய். எனக்குச் செய்தது தெரியாமல் செய்ததாக இருந்திருந்தால்கூட இது தெரிந்தே செய்வது. அவள் உன் மகள்.

முழுக்கை கவுன் இரண்டு, அகலமான துணித் தொப்பி ஒன்று, க்ரீம் ஒரு ட்யூப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அவள் இவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். க்ரீமை வீட்டை விட்டுக் கிளம்ப அரைமணி முன்னால் தடவ வேண்டும், வியர்த்தால் மறுபடியும் தடவ வேண்டும். அண்ணியிடம் சொல். நீ சொல்லமாட்டாய், அதனால் இந்தக் கடிதத்தையே அண்ணியிடம் கொடு.

எழிலரசி


அடி அண்ணாமலை
12.6.1997

எழிலுக்கு,

பார்சல் வந்தது. இரண்டு நாள் போட்டுப் பார்த்தோம். தொப்பியோடு போனவளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "சர்க்கஸ், சர்க்கஸ்"னு கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டே வந்தாள். வள்ளி தொப்பியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். க்ரீம் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

எனக்கும் கோபம் வரும். கண் கேம்ப் அன்றைக்கு, உன்னிடம் வெளியே வருமுன்னே அப்பா சொன்னார்: "இத வெளிய சொன்ன, பொண்ணு சீக்காளினு பேராயிடும். அவளும் மத்தவங்க மாதிரியே வளரட்டும்." அப்பா சொன்னதை மீறி நான் என்ன செய்ய முடியும்? மற்ற பெண்கள் கொல்லைக்குப் போனார்கள், நீயும் போனாய். உன்னைப் பொத்தி வைத்து வளர்த்திருந்தால் அதற்கும் நீ என்னைத்தான் திட்டியிருப்பாய்.

நாளைக்கு இவளுக்கு ஒரு கல்யாணம் ஆக வேண்டாமா? இப்போதே வியாதிக்காரி என்று முத்திரை குத்தாதே.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். பஸ் ஏறினால் அரைமணி நேரம். அங்கே உட்கார்ந்துகொண்டு தபால் போடுகிறாய். அண்ணன் வீடு அவ்வளவு கசந்துவிட்டதா?

மாறன்


வேங்கிக்கால்
30.6.1997

மாறனுக்கு,

உன் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் போன புதன்கிழமை உன் ஊருக்கு வந்தேன். காலை எட்டுமணிக்கே பஸ் பிடித்து, குடையோடு, பொன்னியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ கொல்லையில் இருந்திருப்பாய்.

பிள்ளைகள் வெயிலில் பிரேயருக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கறுத்த தலைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தலை. இரண்டு கையாலும் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் ஹெட்மாஸ்டரிடம் போய் என் முந்தானையை விலக்கிக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இப்பிடி ஆவும்னு எங்களுக்குத் தெரியாதுமா. அவங்க வீட்ல யாரும் வந்து சொல்லல" என்றார். அன்றைக்கே பொன்னியை வராந்தாவில் நிற்க வைத்தார். மத்தியான விளையாட்டும் அவளுக்கு உள்ளேதான். சர்க்கஸ் என்று சொன்ன பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம்தான் ஆனது. ஒரு அப்பாவால் இதைச் செய்ய முடியாதா?

பொன்னி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "உன் காத யாரு கடிச்சாங்க அத்த?" என்றாள்.

"வெயில் கடிச்சிடுச்சு."

"வலிக்குதா?"

"கம்மியாயிடுச்சு."

அவள் "என்னையும் கடிச்சிருக்கு, பாரு" என்று உதட்டைக் காட்டினாள்.

கீழுதட்டின் ஓரத்தில் பொருக்கு. எத்தனை நாளாக இருக்கிறது என்றேன். ஆறிவிடும், மறுபடியும் வரும் என்கிறாள். அம்மா எண்ணெய் தடவுகிறாளாம். கிள்ளக் கூடாது என்று அப்பா சொன்னாராம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவளை இந்த வாரமே தோல் டாக்டரிடம் கொண்டுபோ. வேலூரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று இதோடு தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். இனிமேல் அந்த ஸ்டூலில் அவளைப் பார்த்தேன் என்றால், பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, நீ யார், எனக்கு என்ன செய்தாய் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். கல்யாணப் பேச்சு, ஊர்ப் பேச்சு எதையும் பார்க்கமாட்டேன்.

எழிலரசி


வேங்கிக்கால்
4.8.1997

மாறனுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ஆடி மாதமும் பாதி போய்விட்டது.

நேற்று டெலிபோன் பூத் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என் கண் மோசம்தான், ஆனாலும் அண்ணன் நிற்கிற விதம் தெரியாமலா போகும்? காதை மறைக்கும் துணி இல்லாமல் நான் திரும்பியபோது நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். ஷாஹீன் ரோடு தாண்டி ஓடினாள். பிடிக்க முடியவில்லை.

பார்க்கக்கூட முடியவில்லையா? நான் தினமும் இதோடுதான் இருக்கிறேன்.

பொன்னியின் உதடு என்ன ஆனது என்று மட்டும் எழுது.

எழிலரசி


அடி அண்ணாமலை
24.8.1997

அன்புத் தங்கை எழிலுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கு நான் பார்த்தேன். அதுதான் ஓடினேன். நேரே வீட்டுக்குப் போகவில்லை. கொல்லைக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும் வரை வீட்டுக்குப் போக முடியவில்லை.

மறுநாள் பொன்னியை வேலூருக்குக் கூட்டிப்போனோம். உதட்டில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் வள்ளி என்னோடு பேசவில்லை. உன் கடிதங்களைப் பரணிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். நான் ஒன்றைக்கூட அவளிடம் காட்டியிருக்கவில்லை.

புற்றுநோய் இல்லை. இப்படியே விட்டால் பின்னால் ஆகும் என்றார் டாக்டர். "வெயில்ல விடக்கூடாதுனு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"னு கேட்டார். வள்ளி "இவரத்தான் கேக்கணும் சார்"னு சொன்னாள். நான் எழுந்து நின்றேன். "எனக்குச் சொன்னாங்க சார். இருவது வருசம் முன்னாடியே சொன்னாங்க. நாந்தான் மறைச்சேன். என் தங்கச்சிக்குக் காது போயிடுச்சு" என்றேன். பொன்னி என் வேட்டியைப் பிடித்து இழுத்து "ஏன்பா மறைச்ச?" என்றாள்.

அப்பா சொன்னார் என்று உனக்கு எழுதினேன். அது உண்மைதான். ஆனால் அப்பா செத்துப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு சொல்லாதது நான். சொன்னால் நீ கொல்லைக்கு வரமாட்டாய், கடைக்கு வரமாட்டாய் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

மன்னிப்புக் கேட்கும் முகம் எனக்கு இல்லை. வேறொன்று கேட்கிறேன். உன் அறைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று வள்ளி சொல்கிறாள். இங்கே அரை மைல் வெயிலில் நடக்க வேண்டும். பொன்னி உன்னோடு இருந்து படிக்கட்டுமா? எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்களை விட உனக்குத்தான் தெரியும். வள்ளிக்கும் சம்மதம். நீ முடியாது என்றாலும் சரி என்றுதான் ஏற்றுக்கொள்வேன்.

மாறன்


வேங்கிக்கால்
29.8.1997

என் செல்லம் பொன்னிக்கு,

அத்தை எழுதும் கடிதம். உனக்கு இன்னும் சேர்த்து வாசிக்க வராது. அதனால் அப்பாவை வாசிக்கச் சொல். அவர் அம்மாவிடம் கொடுக்கப் பார்த்தால் விடாதே. அப்பாதான் வாசிக்க வேண்டும், சத்தமாக.

நீ என்னோடு வந்து இருக்கலாம். ஷாஹீன் அக்கா ஜன்னலுக்கு நீலத்துணியில் திரை தைத்துவிட்டாள். வரும் திங்கட்கிழமை அப்பா உன்னைக் காலை எட்டுமணிக்குள் கொண்டுவந்து விடட்டும். அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுப்பேன். அவரோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து உன்னை ஊருக்குக் கூட்டிப்போகலாம், நாலுமணிக்குப் பிறகு.

நீ இங்கே எல்லாம் செய்யலாம். ஓடலாம், பாண்டி ஆடலாம், கோயிலுக்குப் போகலாம். வெயில் சாய்ந்த பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். மாதம் ஒருநாள் நீ என் முதுகைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் உன் முதுகைப் பார்ப்பேன். புதிதாக மச்சமோ பொருக்கோ இருந்தால் ஒளிக்கக் கூடாது. நம் வீட்டில் இனிமேல் யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது.

ஏன் மறைச்ச என்று அப்பாவிடம் கேட்டாயாம். அதற்கு அவர் உனக்குப் பதில் சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்கிறேன். அத்தைக்கு வெயில் ஆகாது என்று அப்பாவுக்குத் தெரியும். சொன்னால் அத்தை வேலைக்கு வரமாட்டாள் என்று நினைத்து அவர் அதை மறைத்துவிட்டார். அதனால் அத்தையின் காது போனது. அப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது இப்போதைக்குப் போகாது. ஆனால் உன்னை டாக்டரிடம் கொண்டுபோய், எழுந்து நின்று உண்மையைச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் அப்பா நிறுத்தியிருப்பார். பரவாயில்லை, கொஞ்சநேரம் பொறு. பிறகு மேலே இருக்கும் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்.

உன்
எழில் அத்தை