ரிலே பெட்டிக்கு ஜிகினாத் தாள்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை. கம்பெனி பஸ் ஒரகடம் மேம்பாலத்தடியில் அரை மணி நேரம் நின்றது. தலைவலி.

ஆயுதபூஜை லீவு முடிந்து முதல் ட்ரையல். ஊத்திக்கொண்டது. வெல்டிங் லைன் கேமராக்கள் எடுக்கும் படம் வயர் இல்லாமல் சர்வருக்குப் போக வேண்டும். நேராகப் போக முடியாது, நடுவில் அத்தனை இரும்பு. அதனால் தூண்களில் ரிலே பெட்டிகள், வாங்கிக் கடத்திவிட. பழைய முறையில் ஒரே பெட்டிதான் சுமக்கும். என் முறையில் இரண்டு பெட்டிகள் ஒரே படத்தைச் சேர்ந்து அனுப்பும், ஒன்று தடுமாறினால் மற்றது தாங்கும். பழைய முறையில் படம் பாதியில் நின்றது. என்னுடையதில் வந்தது, ஆனால் நத்தை வேகம்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வருகிறார்கள். என் முறையை எடுத்துக்கொண்டால் எனக்குப் பெர்மனன்ட். இல்லையென்றால் இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வாங்க: கொசுவத்தி, ஷாம்பு, தலைவலி மாத்திரை.

அக். 7, செவ்வாய்

மழை. கேன்டீனில் மறுபடி சேமியா.

புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாயிற்று. தப்பு இல்லை. பவரைக் கூட்டினேன், சேனல் மாற்றினேன். மூன்றாம் பெட்டி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. பிளான்ட் மேனேஜர் வேறு வந்து வந்து எட்டிப் பார்க்கிறார், வேகம் வருதாம்மா என்று. வந்தால் சொல்ல மாட்டேனா?

பக்கத்து டேபிளில் காதில் விழுந்தது: "இந்த ஓவர்டைம் பாத்துட்டா தீபாவளிக்கு ரெண்டு நாள் சேத்து ஊர்ல இருந்துட்டு வரலாம்ல." எனக்குத் தீபாவளிக்கு வேலை இருக்குமா என்பதே தெரியவில்லை.

அக். 8, புதன்

ஏணி போட்டு ஏறினேன். திங்கட்கிழமையே ஏறித் தொலைத்திருக்கலாம்.

மூன்றாம் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மாலைக்கு உள்ளே வெள்ளி ஜிகினாத் தாள், ஆன்டெனாவோடு சேர்த்து இரண்டு சுற்று. உலோகம் பூசின தாள்! சிக்னல் எங்கே வெளியே வரும்? கீழேயிருந்து பார்த்தால் காய்ந்த சாமந்திதான் தெரியும்.

லைன் லீடர் குமாரைப் பிடித்துக் கத்தினேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற ஆள். இன்று முகம் சுருங்கிவிட்டது.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, எல்லா கேமராவுக்கும் இதுதான் பேசிக்கினு கீதுன்னு. அதான் இதுக்கு மட்டும் டபுளா சுத்தச் சொன்னேன்."

அதற்கு மேல் என்ன திட்டுவது? அவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தாளைப் பிரித்தார்.

பிரித்ததும் படம் பாய்ந்து வந்தது. பழைய முறையிலேயே! என்னுடையதில் இன்னும் கொஞ்சம் வேகம். யார் கண்ணுக்கும் தெரியாத கொஞ்சம். தாளை விட்டுவைத்திருந்தால் என் முறைதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக். 9, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். தாள்தான் பிரச்சனை என்றால் பழசே போதுமே என்கிறார். இன்றைக்குத் தாள், நாளைக்கு வேறு ஏதாவது வந்து மறைக்கும், அதற்குத்தானே சார் இரண்டு பெட்டி என்றேன். மறைக்கும்போது பார்த்துக்கொள்ளலாமாம். கஸ்டமர் வரும்போது ஒப்புதல் வாங்காத சாஃப்ட்வேர் எந்தப் பெட்டியிலும் இருக்கக் கூடாதாம்.

"இன்னைக்கே அழிச்சிடும்மா."

திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் ஒரு ஷிப்ட் முழுக்க லைனை நிறுத்த வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மொபைலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒவ்வொரு பெட்டியாக அழித்தேன். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். ச்சே, அந்த ஆள் முன்னால் அழாமல் இருந்தேனே, அது போதும். அம்மாவுக்கு போன் போடவில்லை. குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அக். 10, வெள்ளி

நல்ல வெயில். கஸ்டமர் ஆட்கள் மூன்று பேர், வெள்ளை ஹெல்மெட். பெரிய திரையில் படம் அருமையாக ஓடியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். நான் கூட்டத்துக்குப் பின்னால், கையில் சும்மா ஒரு லேப்டாப்.

ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இரும்புக் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் பெட்டிக்கு நேர் எதிரே, அதே உயரத்துக்கு இறக்கிவைத்துவிட்டுப் போனது. யார் தப்பும் இல்லை, கூண்டு வைக்கிற இடமே அதுதான். திரையில் படம் பாதியில் நின்றது. கஸ்டமர்களில் ஒருவர் வாட்சைப் பார்த்தார்.

மேனேஜர் சிரித்த முகம் மாறாமல் என் பக்கத்தில் வந்து, காதோடு: "அந்த ரெண்டு பெட்டி முறைய இப்பப் போடும்மா. சீக்கிரம்."

"அழிச்சாச்சு சார்."