என் சொல்லை நானே முடிக்க அனுமதி கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
பாப்திஸ்து சபை உறுப்பினர்,
ரயில் நிலையத்துக்குப் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பாப்திஸ்து சபைகளின் சங்கம்.

பொருள்: ஊழியர் உரிமம் மறுக்கப்பட்டமை – சோதனைப் பிரசங்கத்துக்கு மறுவாய்ப்புக் கோருதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். சிறு வயது முதல் எனக்குத் திக்குவாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் உரிமக் குழு அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் இந்தச் சொல் எங்குமே இல்லை.

2. எங்கள் சபையைச் சேர்ந்த தையல்காரர் பக்கவாதத்தில் பேச்சிழந்து மருத்துவமனையில் இருக்கிறார். பார்க்கப் போனவர்கள் அவர் வாய் திறப்பதற்குள் தாங்களே பேசி, தாங்களே ஜெபித்து, தாங்களே ஆமென் சொல்லிக் கிளம்பினார்கள். நானும் ஒரு விடுமுறை நாளில் போனேன். அவர் ஒரு சொல்லுக்குத் தவித்தார். நானும் ஒரு சொல்லுக்குத் தவித்தேன். இருவருக்கும் அவசரமில்லை. அன்று அவர் தம் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் துவாலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களும் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

3. மற்ற நாட்களில் வேலை முடிந்து நான் போய்ச் சேரும்போது பார்வையாளர் நேரம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு, ஜெபிக்க வரும் உரிமம் பெற்ற சபை ஊழியர்களுக்கு மட்டுமே அனுமதி. "உங்களை விடக் கூடாதுன்னு எனக்கு என்னங்க? ஒரு அட்டை இருந்தா காட்டிட்டுப் போங்க" என்றார் காவலாளி. எங்கள் போதகர் இதைச் சபைக் கூட்டத்தில் வைத்தபோது, எனக்கு உரிமம் தரப் பரிந்துரைத்து எல்லோரும் கை தூக்கினார்கள். என் மாமியாரும் தூக்கினார். வீட்டில் அவர் என் கட்சி அல்ல என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

4. குழுவின் நேர்காணலில் ஞானஸ்நானம், சபை ஒழுங்கு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். ஒருவர் கனிவாகவே கேட்டார்: "மோசேக்கும் பேச்சு வராது, சரி. அவருக்காகப் பேச ஆரோன் இருந்தாரே. உங்களுக்கு யாருங்க?" கதவருகே உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: "அவரே பேசுவாருங்க. நாமதான் கொஞ்சம் உக்காரணும்."

5. சோதனைப் பிரசங்கத்துக்கு, சொத்தை அழித்த இளைய குமாரன் வீடு திரும்பிய வேதப்பகுதியை எடுத்துக்கொண்டேன். ஓடி வந்த தகப்பன் மகனுக்குக் கொடுத்தது 'மன்னிப்பு' என்று சொல்ல வந்து, முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த குழு அமைப்பாளர், உதவும் எண்ணத்தில், "மரணம்" என்று முடித்துவைத்தார். சிலர் ஆமென் என்றார்கள். திருத்த முயன்றேன். திருத்தமும் அதே எழுத்தில்தான் தொடங்கியது. அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

6. 'போதனையில் தெளிவில்லை, உபதேசப் பிழை உள்ளது' என்கிறது கடிதம். அந்தப் பிழை என் வாயிலிருந்து வரவில்லை. அமைப்பாளர் நல்லவர், அவர்மேல் நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை. இந்த உதவியை எனக்குப் பலர் செய்திருக்கிறார்கள். கடையில் பேனா கேட்கப் போய், பேரீச்சம்பழத்தோடு வீடு திரும்பியிருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாயிற்று. இது தேவனுடைய வார்த்தை என்பதால் அப்படி விட முடியவில்லை.

7. தையல்காரர் இப்போது பேச முயல்வதையே விட்டுவிட்டாராம். "சாயங்காலமானா வாசப்பக்கமே பாத்துட்டு இருக்காருங்க" என்று அவர் மனைவி என் வேலையிடத்துக்கே வந்து சொன்னார்கள். நான் கருவிப்பெட்டியை மூடினேன்.

ஆகவே, எனக்கு இன்னொரு முறை பிரசங்கம் செய்ய நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மணி வேண்டாம். இடையில் யாரும் கைகொடுக்கவும் வேண்டாம். முழுவதும் கேட்ட பிறகும் நான் தகுதியற்றவன் என்று தோன்றினால், திக்குவாய்தான் காரணம் என்று எழுதித் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன். தெளிவில்லை என்று மட்டும் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரியும், ஐயா. அது வந்து சேரத்தான் நேரமாகிறது.

இடம்: சபை அலுவலக அறை
நாள்: ஞாயிறு, ஆராதனைக்குப் பின்

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும் சகோதரன்,
(கையொப்பம்)