மதில் கேட்ட தளபதிக்கு

வெண்குன்ற நாடாளும் மன்னர் நெடுவேட்டனார் திருவாணையால், தலைமை அமைச்சன் ஆதன் மாராயன் விடுக்கும் ஓலை. கருநீராற்று எல்லையை அயராது காக்கும் தளபதி செருவலி அரையனார் காண்க. உம் வாளும் குடியும் வாழ்க. உம் ஆற்றில் நீர் வற்றாதிருக்க.

ஈங்கை நாட்டார் முத்திரையின்றி ஆறு கடந்து வருகின்றனர் என்றும், பிடிபட்டோரைக் கொட்டிலில் அடைத்திருப்பதாகவும், அறுவடைக்கு முன் அவர்களைத் துரத்திவிட்டுக் கரை நெடுக மதில் எழுப்ப ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். கல்லும் குவித்துவிட்டீராம். உம் சுறுசுறுப்பை மன்னர் மெச்சினார்; ஆணையை மட்டும் தரவில்லை.

ஈங்கை நாட்டார் ஆறு கடந்து வரும் காரணம் அறிய, உமக்குச் சொல்லாமலே வந்து கொட்டிலில் இருந்தோரைக் கேட்டேன். அவர்கள் ஏரி உடைந்து கிடக்கிறது. கரை கட்ட வேண்டிய ஆண்களை அந்நாட்டு மன்னர் தம் படைக்கு இழுத்துக்கொண்டார். விளையாத நிலத்துக்கும் வரி கேட்கிறார். இக்கரையிலோ, மணம் முடித்து வந்த அவர்கள் அக்காள் தங்கையர் இருக்கின்றனர். அரைக்கூலிக்காயினும் வேலை இருக்கிறது. இத்தனையையும் தடுக்க மதில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று எண்ணினீர்?

வேடிக்கை ஒன்றும் கேளும். துரத்தச் சொல்லி உம்மிடம் முதலில் முறையிட்ட கூத்தங்குடிக் கிழாரே, நடவுக்குத் தம் படகை அனுப்பி அவர்களை அழைத்து வந்தவர். கூலியை அறுவடையில் தருவதாகச் சொன்னாராம். அதற்குள் ஆளே இல்லையென்றால் கூலி ஏது? எனக்கு வந்த சினம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் முதல் நாற்றை ஊன்றிய கையே முதற்கதிரை அறுக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். அதைக் கிழார் மறந்துவிட்டார். அவர் வயலில் முதல் நாற்றை ஊன்றிய சேந்தி என்பவள் உம் கொட்டிலில் இருக்கிறாள். ஆகவே கிழார் தாமே வெற்றிலைத் தட்டுடன் கொட்டில் வாசலுக்கு வந்து, நம் குடிகளுக்குரிய முழுக்கூலி பேசி, அவளையும் உடனிருப்போரையும் அழைத்துச் செல்க. அதுவரை அவ்வயலில் அரிவாள் படலாகாது. மதிலுக்குக் குவித்த கல் முழுதும் ஈங்கை ஏரிக்கரைக்குப் போகட்டும். அந்நாட்டு மன்னரின் இசைவைப் பெற்றுவிட்டேன்.

சேந்தி என்னிடம் கேட்டது ஒன்றே. தங்கள் ஏரி நிறைந்தால் ஊர் திரும்ப விடுவீர்களா என்றாள். துரத்தப்படுவதைவிட, அரைக்கூலி ஆளாய் இங்கேயே நிறுத்தப்படுவோமோ என்பதே அவள் அச்சம். விடுவோம் என்று வாக்களித்தேன். மன்னர் அதன்மேல் தம் முத்திரை இட்டுள்ளார். ஏரி நிறையும் நாளில் அவளைத் தடுப்பவன், உம் வீரனேயாயினும், எல்லை மீறியவனாகவே தண்டிக்கப்படுவான்.