குகையில் வைத்த சோறு கெடுமா?

9-3-1952, ஞாயிறு

சீனி முகம்மது கடை லோரி அசாம் ஜாவா டவுனிலிருந்து இன்றுதான் வந்தது. கப்பலில் தங்கிப்போன மூன்று வாரப் பத்திரிகையும் ஒரே கட்டாக. மதியம் தோட்ட ஆபீசுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகக் கம்பிவேலி போட்டுத் தொழிலாளர் லயங்களை எல்லாம் உள்ளே அடைத்த பிறகு இவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி நான்தான் படித்துச் சொல்கிறேன். எனக்கு அடுத்து எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் ரப்பர் பால்மரம் வெட்டுகிற சன்னாசி ஒருவன்தான்.

'கல்சிறகன்' தொடரில் இளவரசி ஒன்பது நாள் குகைக்குள் ஒளிந்திருந்து உயிரோடு வெளியே வந்துவிட்டாள். கையில் இருந்தது ஒரு குடுவைச் சோறு. அது எப்படிக் கெடாமல் இருந்தது? கதைக்காரர் மூச்சு விடவில்லை. சித்தர் அந்தக் குடுவையை மந்திரித்துக் கொடுத்தார், ஆண்டு மலரில் வந்திருக்கிறது என்றேன் நான். சன்னாசி எழுந்தான்.

"ஆண்டு மலர்ல வந்தது வேற ஆள் எழுதுனதுங்க ஐயா. கதைக்காரர் பேரே அதுல இல்ல. அது செல்லாது. குகைக்குள்ள எந்த மந்திரமும் பலிக்காதுன்னு பதினாலாவது வாரத்துல அவரே எழுதிட்டாரு. நீங்கதான படிச்சீங்க?"

வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் அர்ஜுனன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கிராணியையே மடக்கிட்டான்லா" என்றாள் சின்னத்தாய். மூக்கு அறுபட்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் போன பிறகு பதினாலாவது வாரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான்.

11-3-1952

பால் நிறுக்கும் இடத்தில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து 'ஆண்டு மலர்' என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் படித்தவனைப் பார்த்து.

15-3-1952, சனி

சன்னாசி பால்வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தனியாக நின்றான். கூப்பிட்டேன்.

"மந்திரம் இல்லை என்றால் சோறு எப்படி ஒன்பது நாள் நிற்கும்?"

வடித்த சோற்றில் உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசைந்து, வெயிலில் சுண்டக் காயவைத்து, மூங்கில் குழாயில் அடைத்து மெழுகு பூசினால் நிற்குமாம். அவன் அப்பா ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் செய்வார்களாம்.

"வாயால் வடை சுடாதே. செய்து காட்டு."

"லயத்துலயே வச்சுக் காட்டுறேன் ஐயா."

"லயத்தில் வைத்தால் யார் நம்புவார்கள்? உன் பெண்டாட்டி தினம் மாற்றி வைப்பாள். குகை மாதிரி ஈரமான இடத்தில் வைக்க வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் மரத்தோப்பில், காட்டு ஓரம், அந்தப் பெரிய பாறை இடுக்கு."

தலையைச் சொறிந்தான். "வெளிய சோறு கொண்டுபோகக் கூடாதுங்களே."

"அப்படியானால் ஆண்டு மலர்தான் சரி என்று நாளைக்கு எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அப்படித்தானே?

17-3-1952, திங்கள்

விடியற்காலை ஆள் எண்ணும் பிரட்டுக்கு அவன் வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. பால்வாளிக்குள் துணி, துணிக்கு அடியில் குழாய். வாசலில் காவலுக்கு நிற்பவன் பெண்களின் கூடைகளைக் குத்திப் பார்த்தான், இவனை விட்டுவிட்டான். நான் ஆபீஸ் வராந்தாவில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

கம்பிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது, போனால் காட்டில் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குத் தீனி போட்டதாகத்தான் அர்த்தம், ஜெயில் என்ற அறிவிப்பைத் தமிழில் எழுதியவன் நான். மூன்று முறை உரக்கப் படித்தவனும் நான்.

'சும்மா சொன்னேன், திரும்பிப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

19-3-1952

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. சோறு கெட்டிருக்குமா, இல்லையா?

21-3-1952, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குக் காட்டு ஓரம் ரோந்து போன கூர்க்கா சிப்பாய்கள் அந்தக் குழாயோடு வந்தார்கள். பின்னாலேயே வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். வேலைக்காரர்கள் எல்லோரையும் திடலில் வரிசையாக உட்கார வைத்தார்கள். யார் வைத்தது என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன். யாரும் சொல்லாவிட்டால் தோட்டத்துக்கே ஒரு வாரம் அரிசி கிடையாது என்பதையும் சொன்னேன்.

சன்னாசி உடனே எழுந்தான். பயமே இல்லை அந்த முகத்தில். "என்னுதுதாங்க. கதைக்காக வச்சது. நம்ம ஐயா விவரமா சொல்லுவாரு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தன்னுடையது என்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னேன். மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது? கல்லாலான சிறகு முளைத்த ஒருவன், ஒரு இளவரசி, ஒரு குடுவை... தோட்ட மானேஜர் துரை பக்கத்தில் நிற்கிறார். யார் வைக்கச் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் மெழுகை உடைத்துச் சோற்றைக் கையில் கொட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன் - வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. துளி நாற்றம் இல்லை.

கையில் விலங்கு மாட்டும்போது சன்னாசி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா ஐயா? கெடல."

என்ன சொல்கிறான் என்றார் இன்ஸ்பெக்டர்.

"சோறு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான்" என்றேன்.

அவன் சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

23-3-1952, ஞாயிறு

கூட்டம் இல்லை. கதைக்காகக் கூடினோம் என்று தெரிந்தால் எல்லோருக்கும் கம்பிதான், வாயைத் திறக்காதீர்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டார் அர்ஜுனன்.

மாலையில் சன்னாசியின் மனைவி நல்லம்மாள் வந்தாள். படியேறவில்லை.

"கதைக்குன்னு தொரைகிட்ட சொன்னீங்கல்லங்க ஐயா?"

"சொன்னேன். அவர்கள் நம்பவில்லை."

கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிடாமல் போயிருக்கக் கூடாதா?

22-4-1952

கோலசிலாங்கூர் கோர்ட்டு. சன்னாசி கதை முழுவதையும் சொன்னான். பதினாலாவது வாரம்வரை சொன்னான். மொழிபெயர்த்த கோர்ட்டு துபாசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. யார் வைக்கச் சொன்னது என்று கேட்டார்கள்.

"நானாத்தான் வச்சேன்."

என் பேரை அவன் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? மடையன். எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தானா? அவன் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்டேனா?

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு கதை உண்டா என்றார் மாஜிஸ்திரேட்.

"ஞாயிற்றுக்கிழமை ஏதாவது படிப்பதுண்டு. சோற்றைக் கொண்டுபோய்க் காட்டில் வை என்று எந்தக் கதையிலும் இல்லை."

மூன்று வருஷம். சன்னாசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ வரி விட்டுப்போன இடத்தில் நான் படிப்பை நிறுத்தும்போது பார்ப்பானே, அந்த மாதிரி.

23-4-1952

செக்ரோல் ஆள்கணக்கிலிருந்து அவன் பேரை அடித்தேன்.

4-5-1952

நல்லம்மாளுக்கு அப்பீல் மனு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் கடைசி நாள். பாதி எழுதும்போது பத்திரிகைக் கட்டு வந்தது. பிரித்தேன். வாசகர் கேள்விப் பக்கம். திருச்சிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: குகையில் இளவரசியின் சோறு ஒன்பது நாள் எப்படிக் கெடாமல் இருந்தது?

கதைக்காரரே பதில் எழுதியிருக்கிறார். மந்திரம் ஒன்றும் இல்லை, உப்பிட்டுக் காயவைத்த சோறு, சந்தேகம் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம் என்று.

செய்து பார்க்கலாம்! அச்சில். கதைக்காரர் பேரோடு.

இந்த ஒரு தாளை மனுவோடு சேர்த்துத் தைத்தால் போதும், வழக்கைத் திரும்ப விசாரிப்பார்கள். விசாரித்தால் என்னையும் திரும்பக் கூப்பிடுவார்கள். கதையே இல்லை என்கிற மாதிரிச் சொன்னாயே என்று கேட்பார்கள்.

இரண்டு மணி நேரம் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

5-5-1952

மனுவைத் தபாலில் போட்டாயிற்று. அறியாமல் செய்த பிழை, குடும்பஸ்தன், கருணை காட்டவும். அவ்வளவுதான்.

25-5-1952, ஞாயிறு

மனு தள்ளுபடி என்று வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.

ஞாயிறு கூட்டத்துக்கு அர்ஜுனனே துரையிடம் அனுமதி வாங்கிவிட்டார். எல்லோரும் வந்தார்கள். நல்லம்மாளும் வந்து ஓரமாக நின்றாள், முன்னெல்லாம் அவள் வந்ததில்லை. கேள்விப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். விரித்துப் படித்தேன்.

"கதைக்காரர் பதில். குடுவையைச் சித்தர் மந்திரித்துக் கொடுத்தார். ஆண்டு மலரில் காண்க."

சின்னத்தாய் மட்டும் 'ம்' என்றாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு சொன்னது தப்புங்களா ஐயா?" என்றாள் நல்லம்மாள்.

"தப்புதான்."

"பாவி மனுசன். தப்பான கதைக்கா உள்ள போனாரு." முன்னால் வந்து கையை நீட்டினாள். "அந்தத் தாளக் குடுங்க ஐயா. அடுத்த மாசம் புடு ஜெயிலுக்குப் பாக்கப் போறேன். அவரு படிச்சாருன்னா மனசு ஆறிப் போவும்."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கொடுக்க முடியாது. கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கூந்தல் தைல விளம்பரம். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு இந்த வாரத்து அத்தியாயத்தைப் படித்தேன். நடுவில் இரண்டு இடங்களில் நானாகச் சேர்த்தும் படித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.