எனக்குப் பின்னால் ஒன்பது பேர்

ஜூன் 19
குனிந்து போன் பார்த்தே கழுத்து போயிற்று. முகநூலில் நான் நடத்திய கருத்துக்கணிப்பு முடிந்தது: ‘வரும் தேர்தலில் எங்கள் கிராமத் தலைவர் யார்?’ எனக்கு 91 சதவீதம். எட்டு வருடத் தலைவர் ககெம்போவுக்கு 9. அவரிடம் இருப்பது பட்டன் போன். தோற்றதுகூடத் தெரியாமல் சைக்கிளில் நாற்காலிகளைக் கட்டிக்கொண்டு ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறார், பாவம்.

ஜூன் 24
பதவியேற்புக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தேன். தையற்காரர் வாஸ்வா என் தொப்பையை இரண்டு முறை அளந்தார். நம்பவில்லை போலும்.

ஜூலை 2
என் மனைவி நபுகீரா கேட்டாள்: “ஆறாயிரம் பேர் ஓட்டுப் போட்டாங்களே, அதுல நம்ம ஊர்க்காரங்க எத்தனை பேரு?”
துபாய், லண்டன், நைரோபி... இன்னும் கொஞ்சம் வாழைக்காய் மட்டோக்கே வை என்றேன்.

ஜூலை 10
தேர்தல். எங்களுக்கு ஓட்டுச்சீட்டு கிடையாது. பிடித்தவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் கெத்தாக நின்றேன். ஏன் இவ்வளவு அமைதி? திரும்பினேன்.
ஒன்பது பேர்.
ககெம்போவின் வரிசை பள்ளிவாசலைத் தாண்டி வளைந்து போயிருந்தது. என் ஒன்பதில் ஒருவர் பலாமர நிழலுக்காக நின்றவர். நிழல் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். எட்டு.
எதிர் வரிசையில் ஆறாவது ஆள்— என் பெண்டாட்டி! அதுவும் கல்யாணத்துக்குப் போடும் உடுப்பில்.

அதே நாள், மாலை
“ஏன்டி இப்படிப் பண்ண?”
“எங்கம்மா செத்தப்ப பந்தல் கொண்டாந்து போட்டது யாரு? நீங்க என்ன பண்ணீங்க? சாவுச் சோறு வேகலைன்னு எழுதுனீங்க. நானூறு பேரு சிரிச்சான். ஒருத்தனாவது வந்து ஒரு பிடி மண்ணு போட்டானா?”
அந்தப் பதிவு நல்லாத்தான் வந்திருந்துச்சு, அது வேற விஷயம்.

ஜூலை 11
‘தேர்தலில் மோசடி!’ என்று போனில் முந்நூறு பேர் கொதிக்கிறார்கள். என்ன மோசடி? நானே எண்ணினேன். எட்டு.

ஆகஸ்ட் 5
வாஸ்வாவின் தகப்பனார் தவறிவிட்டார். விடிந்ததும் போனேன், புதுக் கோட்டோடு. வேறு எங்கே போடுவது அதை?
ககெம்போ என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்னய்யா, அடுத்த தேர்தல் வேலையை இப்பவே ஆரம்பிச்சாச்சா?”
“சேச்சே!” என்றேன். பாதிப் பொய்.
அங்கேயும் சோறு வேகவில்லை. அதைப்பற்றி அருமையாக ஒரு வரி தோன்றியது. போனை எடுக்க முடியவில்லை— இரண்டு கையிலும் நாற்காலி.