கூம்புகளுக்கு நடுவே கீதா

6 நவம்பர் 2025, வியாழன்

இன்றைக்கு மட்டும் பதினோரு வண்டிக்கு வீல் அலைன்மென்ட். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போச்சு.

சாயங்காலம் என் வீட்டுக்காரி கீதா வண்டியை விட வந்தாள். எங்கள் தாராவிச் சந்துக்குள் ஸ்விஃப்ட் கார் நுழையாது. கலீலுல்லா பாயின் டயர் கடையில் நான் வேலை பார்ப்பதால் ராத்திரி முழுக்க அது கடை வாசலில்தான் நிற்கும். காலையில் ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு செம்பூர் லேபுக்குப் போவாள். அங்கிருந்து ரத்த சேம்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாஷி, மறுபடி செம்பூர், மறுபடி வாஷி. ஏழு வருஷமாக இதே ஓட்டம்.

மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தாள். உஸாமா என்கிற கஸ்டமர் வைத்துவிட்டுப் போனது. வாஷிப் பக்கம் ஒரு மைதானத்தில் டிசம்பர் பதினாலாம் தேதி ஆட்டோகிராஸ். ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைத்து வளைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். குறைந்த நேரத்தில் வந்தவருக்குக் கோப்பை. கூம்பைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு விநாடி கூடும். இவ்வளவுதான் என்று விளக்கினேன்.

"வீட்டு வண்டிய ஓட்டலாமா?"

"ஓட்டலாம். அதுக்குன்னு தனி கிளாஸ் இருக்கு."

"அப்ப எம்பேரக் குடுங்க."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

8 நவம்பர், சனி

பேர் கொடுத்தாயிற்று. ஏன் இந்த ஆசை என்று சாப்பிடும்போது கேட்டேன். "ஏழு வருஷமா ஓட்டுதேன். இந்த வண்டியால எவ்வளவு முடியும்னு ஒரு நாளாவது பாக்கணும்லா" என்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாலும் சரி, திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி பழைய மாதிரியே இருக்கவேண்டும். அந்த வண்டி நின்றால் அவள் வேலையும் நின்றது.

எனக்கும் ஆசைதான். பதினைந்து வருஷமாக அடுத்தவன் வண்டியை நேராக ஓடவைக்கிறேன். வண்டியைச் சரியாகத் தயார் பண்ணிவிட்டால் யார் ஓட்டினாலும் ஓடும் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

16 நவம்பர், ஞாயிறு

இன்றைக்கு நான் பார்த்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாஷியில் லாரிகள் நிற்கும் ஒரு காலி இடம். வாட்ச்மேன் மாரிக்கண்ணன் சங்கரன்கோவில்காரர், பத்து மணி வரைக்கும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். கூம்புக்குப் பதிலாகக் காலி பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்தேன். டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்டி கட்டும் கயிறு எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. முன் டயர்களின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். வளைவில் டயர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு சாக்பீஸ் அழியும். அதைப் பார்த்துக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

முதல் தடவை பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியைத் தேடவுமில்லை. பிரேக்கை ஒரே தடவை அழுத்துகிறாள், விடுகிறாள், அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறாள். வெடுக்கென்று ஒன்றுமே இல்லை. மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மொபைல் ஸ்டாப்வாட்சைப் பார்த்தால் ஐம்பத்தெட்டு விநாடி. அடுத்தது ஐம்பத்து நான்கு. அதற்கடுத்தது ஐம்பத்தொன்று!

இறங்கி வந்து சாக்பீஸ் கோட்டைக் குனிந்து பார்த்தாள். ஓரம்வரை அழிந்திருந்தது. முப்பத்திரண்டிலிருந்த காற்றை முப்பத்தாறு ஆக்கினேன்.

"இப்படி ஓட்ட எங்க படிச்ச?" என்று கேட்டேன்.

"எங்க படிக்க? டியூப் குலுங்கினா ரத்தம் உடைஞ்சுபோகும், ரிப்போர்ட் தப்பா வரும். அதுக்காக நான் மெதுவா போறேன்னு நினைச்சீயளோ? மெதுவா போனா டயத்துக்குப் போய்ச் சேர முடியுமா? வேகமாத்தான் போறேன். குலுக்காமப் போறேன்."

ஏழு வருஷம். தினமும் அவள் திரும்பி வந்ததும் வண்டியில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

19 நவம்பர், புதன்

பிரேக் பேட் புதிது. பிரேக் ஆயிலும் மாற்றியாயிற்று.

22 நவம்பர், சனி

வளைவில் வண்டி சாய்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. உஸாமாவின் பழைய வண்டியிலிருந்து கழற்றிய குட்டை ஸ்பிரிங்குகள் கடையில் கிடந்தன. இன்று சாயங்காலம் நான்கையும் மாட்டிவிட்டேன். வண்டி இரண்டு அங்குலம் இறங்கி நிற்கிறது. பார்க்கவே தனி அழகு.

"கீதாகிட்ட கேட்டியா?" என்றார் பாய்.

கேட்டேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். ஓட்டிப் பார்த்தபிறகு அவளே சந்தோஷப்படுவாள்.

24 நவம்பர், திங்கள்

தப்பு பண்ணிட்டேன். பெரிய தப்பு.

மான்குர்த் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் இடித்து, என்ஜினுக்குக் கீழே இருக்கும் ஆயில் தொட்டி உடைந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாஷிக்குப் போகிற நேரம். ஆயில் விளக்கு எரிந்ததுமே என்ஜினை நிறுத்தி ஓரங்கட்டியிருக்கிறாள். வேறு யாராவது என்றால் வாஷிவரை போய்விடலாம் என்று ஓட்டியிருப்பார்கள், என்ஜினே போயிருக்கும். மூன்று பெட்டிகளையும் ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றி, மடியில் ஒன்று, காலுக்கடியில் இரண்டு வைத்து, ஏழு நிமிஷம் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அதற்கப்புறம்தான் எனக்குப் போன் பண்ணினாள்.

நான் போனபோது வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டாள் போல.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?"

உடைந்த தொட்டியைக் குனிந்து பார்த்தேன்.

"அந்தப் பெட்டியில ஒரு பச்சப்புள்ள ரத்தம் இருந்துது. குலுங்கி உடைஞ்சிருந்தா மறுபடியும் குத்தி எடுக்கச் சொல்லுவாங்க. தெரியுமா ஒங்களுக்கு?"

சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏன் சொல்லாமல் செய்தேன்? அவ வண்டிதானே அது? அவதானே ஓட்டுதா? எனக்கு மட்டும் எல்லாம் தெரியும்னு யார் சொன்னது?

25 நவம்பர், செவ்வாய்

பாயிடம் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன். திட்டவில்லை. "மொதல்ல வண்டிய எழுப்பு" என்றார். அவரும் கூடவே படுத்து வேலை பார்த்தார். புதுத் தொட்டி மாட்டி, பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போட்டாயிற்று. லேபில் அவளுக்கு வேறு வண்டி கொடுத்தார்களாம். மேனேஜர் இனிமேல் இப்படி ஆகக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டாராம். செய்தது நான், எழுதிக்கொடுத்தது அவள்.

26 நவம்பர், புதன்

காலையில் வண்டியை எடுத்தாள். பேசவில்லை. டீ மட்டும் வைத்துக்கொடுத்துவிட்டுப் போனாள்.

28 நவம்பர், வெள்ளி

போட்டியிலிருந்து பேரை எடுத்துவிடவா என்று கேட்டேன். மூன்று நாளுக்கப்புறம் அவள் பேசிய முதல் வாக்கியம்: "எம்பேர எடுக்க நீங்க யாரு?"

அப்பாடா.

30 நவம்பர், ஞாயிறு

மறுபடி மாரிக்கண்ணனின் இடம். இந்தத் தடவை நான் வெளியே நின்றேன். அவள் ஓட்டிவிட்டு வந்து சொல்வாள், நான் செய்வேன் என்று பேச்சு.

"திருப்புனா முன்பக்கம் வெளிய தள்ளுது. நான் ஒரு பக்கம் பாக்கேன், அது ஒரு பக்கம் போகுது."

இதைத்தான் நான் ஸ்பிரிங்கை வைத்துச் சரிபண்ணப் பார்த்தேன். இன்று முன் சக்கரங்களை ஒரு இம்மி வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். பின் டயரில் மட்டும் நாற்பதுவரை காற்று ஏற்றினேன். காற்று கூடினால் பின்பக்கப் பிடி கொஞ்சம் இளகும், வண்டி சீக்கிரம் திரும்பும். கிளம்பினாள். இரண்டாவது டப்பாவில் பின்பக்கம் அப்படியே சுழன்று வண்டி என்னைப் பார்த்து நின்றுவிட்டது. வண்டியை நோக்கி ஓடினேன். கண்ணாடியை இறக்கி, "ரெண்டு கொறைங்க" என்றாள். அவ்வளவுதான். முப்பத்தெட்டில் ஓட்டிப்பார்த்துவிட்டு வந்து தலையாட்டினாள்.

ஸ்பிரிங்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காற்று, கொஞ்சம் அலைன்மென்ட், அவளுடைய இரண்டு கை. நாற்பத்தொன்பது விநாடி.

வீட்டுக்குக் கிளம்புமுன் எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். காற்றழுத்தம் பார்க்கும் கேஜை அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நான்கு டயரையும் பார்த்தாள்.

13 டிசம்பர், சனி

நாளைக்கு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

14 டிசம்பர், ஞாயிறு

எங்கள் கிளாஸில் இருபத்தேழு வண்டி. பெண் டிரைவர்கள் இரண்டு பேர். வண்டியைச் சோதிக்கிறவர் என்னிடம் ஹெல்மெட்டை நீட்டினார். "மை நஹி, யே" என்று கீதாவைக் காட்டினேன். "அச்சா அச்சா, ஸாரி மேடம்" என்றார்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் இரண்டு கூம்பைத் தட்டிவிட்டாள். நேரம் பரவாயில்லை, ஆனால் நாலு விநாடி அபராதம் கூடிப் பத்தொன்பதாவது இடம். நான் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின் டயரில் ஒன்று குறைக்கலாமா, முன்னால் ஒன்று கூட்டலாமா—

"வண்டியத் தொடாதீங்க."

"இல்ல கீதா, ஒரு பாயிண்ட்டு மட்டும்..."

"வண்டி சரியா இருக்கு. நான்தான் அந்த ஆரஞ்சுக் கோனப் பாத்துட்டே போனேன். கோனப் பாத்தா கோன்லதான் போய் இடிக்கும். எங்க போகணுமோ அங்கல்லா பாக்கணும்."

பம்ப்பைக் கீழே வைத்தேன். அவள் வெயிலில் பாதை ஓரமாக நின்று, கையை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மொத்தப் பாதையையும் ஒரு தடவை ஓட்டினாள். யாராவது பார்ப்பார்களே என்கிற கூச்சமே இல்லை. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது ஓட்டம். நான் எப்படிச் சொல்ல? மற்ற வண்டிகள் எல்லாம் கதறின. டயர் சத்தம், புழுதி, என்ஜின் உறுமல். வெள்ளை ஸ்விஃப்ட் அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஒரு கூம்பிலிருந்து அடுத்த கூம்புக்கு வழிந்துகொண்டு போனமாதிரி இருந்தது. கடைசி வளைவில் பின்பக்கம் கொஞ்சம் விலகி, விலகின இடத்திலேயே அடங்கி, நேராக வந்து கோட்டில் நின்றது. மைக்கில் நேரத்தைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற ஆள் விசிலடித்தான். ஒரு கூம்புகூட ஆடவில்லை.

நாலாவது இடம். மூன்று பேருக்குத்தான் கோப்பை. மூன்றாவது ஆளுக்கும் இவளுக்கும் அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. உஸாமா பெரிய என்ஜின் கிளாஸில் ஓட்டினான். நேரத்தைப் பார்த்தால் அவனும் இவளுக்குப் பின்னால்தான். வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். புதிதாக ஒன்றும் மாட்டாததைப் பார்த்துவிட்டு எழுந்தான்.

திரும்பி வரும்போது நான்தான் அழுதேன். "என்னங்க இது, சின்னப்புள்ள மாதிரி" என்று ஒரு கையால் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தாள். சிக்னலில்தான். ஓடும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கமாட்டாள்.

15 டிசம்பர், திங்கள்

ஐந்தரைக்குப் பெட்டி ஏற்றக் கிளம்பினாள். நான் போய்ப் பார்ப்பதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

18 ஜனவரி 2026, ஞாயிறு

புனே பக்கம் இன்னொரு போட்டி, பிப்ரவரி ஒன்றாம் தேதி. பாய் ஊரில் மகள் நிச்சயதார்த்தம் என்று மேலப்பாளையம் போகிறார். கடையை நான்தான் பார்க்கவேண்டும். போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. லேபில் கூட வேலை பார்க்கும் கலைச்செல்வியை அழைத்துக்கொண்டு போகிறாளாம்.

1 பிப்ரவரி, ஞாயிறு

காற்று எவ்வளவு, எப்போது பார்க்கவேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"நீங்க எழுதினது இங்க சரிப்படாது. தரை வழவழன்னு கிடக்கு. பின்னால மூணு கொறச்சிட்டேன்."

கேட்கவில்லை, சொன்னாள். மூன்று ரொம்ப அதிகமாச்சே என்று நாக்கு நுனிவரை வந்தது. "சரி" என்றேன். போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தரைக்கு அவள் செய்ததுதான் சரி. இங்கே உட்கார்ந்து எனக்கு அது தெரிந்திருக்காது.

நாலு மணிக்கு மறுபடி போன். பின்னால் கலைச்செல்வி கத்துகிற சத்தம்தான் முதலில் கேட்டது. ரெண்டாவது இடம்!

கடையில் ஒரு டாக்ஸிக்காரர் அலைன்மென்ட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். மனைவி போட்டியில் ஓட்டினாள், தினமும் வேலைக்குப் போகிற வண்டி, ரெண்டாவது வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். தொழில்காரர் அல்லவா, அடுத்து வண்டியைத் தயார் பண்ணியது யார் என்றுதான் கேட்டார்.

"காடி செட் கிஸ்னே கியா?"

"உஸ்னே ஹி" என்றேன், அவளேதான்.

அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாவே கிடந்தேன்.